நரையும் சாயமும்

கண்ணாடியின் முன் நின்று தலைவாரும்போது, காதோரத்தில் முதல் நரை தென்பட்டதும் மனம் சற்றே துணுக்குறாதவர் நம்மில் எத்தனை பேர்?

பூண்டுலோயாவின் மலைச்சரிவிலே கொழுந்து பறிக்கும் ஓர் அன்னையை நினைத்துக்கொள்ளுங்கள். மகளின் திருமணம் நெருங்குகிறது. சம்பந்தி வீட்டார் முன்னிலையில் கிழவியாக நிற்க அவளுக்கு மனமில்லை. கடைத்தெருவிலே ஒரு பொட்டலம் கருஞ்சாயம் வாங்கிப் பூசுகிறாள். பத்து வயது குறைந்தாற்போல் தோன்றுகிறது. அன்று முதல் மாதந்தோறும் அதே வழக்கம். ஆண்டுகள் பல கழிந்தபின், சாயம் பூசிய மறுநாட் காலையில் நெற்றி தடித்து, இமைகள் வீங்கி, கண் திறக்க முடியாமற் போகிறது. "இத்தனை காலம் ஒன்றும் செய்யாத சாயம் இன்று மட்டும் ஏன் இப்படிச் செய்தது?" என்று வீடே திகைக்கிறது.

முதலில் நரை என்பது யாது? மயிரின் வேரிலுள்ள சில உயிரணுக்கள் 'மெலனின்' என்னும் நிறப்பொருளை ஆக்கி மயிருக்கு ஊட்டுகின்றன. வயது ஏற ஏற அவை குன்றுகின்றன. நிறமின்றி வளரும் மயிரே நரை. அது எப்போது தொடங்கும் என்பதைப் பெரும்பாலும் குலவழியே தீர்மானிக்கிறது. மிக இளமையில் நரைத்தால் மட்டும் வைத்தியரைக் காண்பது நன்று. பி-12 உயிர்ச்சத்துக் குறைவோ, தைரொயிட் சுரப்பியின் கோளாறோ காரணமாக இருக்கக்கூடும்.

கருஞ்சாயங்கள் பலவற்றில் நிறம் தருவது 'பாரா பீனிலீன் டையமீன்' என்னும் இரசாயனம். தலையிற் பூசும் கலவையில் இது 2 வீதத்தை மிஞ்சலாகாதென்பது ஐரோப்பியச் சட்டம். பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு இத்தகைய சாயம் உரியதன்று என்றும் அங்கு பொட்டலத்தில் எச்சரிக்கை அச்சிடப்படுகிறது. மாணவர்கள் இதனைக் கருத்திற் கொள்க. இந்த இரசாயனத்தை உடல் பகைப்பொருளாகக் கொள்வது முதல் நாளிலேயே நிகழவேண்டும் என்பதில்லை; பலமுறை பூசிய பின்னரும் நிகழலாம். ஒருமுறை பகை மூண்டால், அது பெரும்பாலும் வாழ்நாள் முழுவதும் நீங்குவதில்லை. அந்த அன்னையின் திகைப்புக்கு இதுவே விடை.

புற்றுநோய் பற்றிய அச்சமும் பலருக்கு உண்டு. அமெரிக்காவில் 117,200 தாதியரை 36 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆராய்ச்சியொன்று 2020ஆம் ஆண்டில் வெளிவந்தது. பெரும்பாலான புற்றுநோய்கள் சாயம் பூசியோரிடம் மிகுதியாகக் காணப்படவில்லை. மார்பகப் புற்றின் சில வகைகளிலும் சூலகப் புற்றிலும் சிறிது ஏற்றம் தென்பட்டது. ஆராயப்பட்டோர் பெரும்பாலும் வெள்ளையர் என்பதையும் மறத்தலாகாது. ஆகவே பீதியும் வேண்டாம், அசட்டையும் வேண்டாம்.

"மருதாணி இருக்க மருந்தெதற்கு?" என்பார் சிலர். உண்மை மருதாணி செந்நிறமே தரும். 'கறுப்பு மருதாணி' என விற்கப்படுவதில் முன் சொன்ன இரசாயனமே கலந்திருக்கக்கூடும்.

சாயம் பூச விரும்புவோர் ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன்னர், பொட்டலத்திற் கூறியபடி தோலில் சிறிது தடவிச் சோதித்தல் வேண்டும். தலையிற் புண்ணோ கீறலோ இருப்பின் பூசலாகாது. குறித்த நேரத்துக்கு மேல் ஊறவிடலாகாது. கையுறை அணிக. இமைக்கும் புருவத்துக்கும் தீண்டாதீர்கள். உட்கொண்டால் மூச்சுக்குழல் வீங்கி உயிரே போகலாம். ஆதலின் குழந்தைகளுக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ தாமதியாது ஆஸ்பத்திரிக்குச் செல்லுங்கள்.

கரிகாற் சோழனின் இளமையைக் கண்டு, வழக்குரைக்க வந்த முதியோர் ஐயுற்றனராம். அவனோ நரைமுடி புனைந்து வந்து நீதி வழங்கினான் என்பது பழங்கதை. மன்னனே வேண்டி அணிந்த நரை அது! அந்த அன்னை இனி, பேரனின் காதுகுத்துக்கு நரைத்த தலையுடனேயே செல்லட்டும். குழந்தையை மடியில் வைத்திருக்கும் பாட்டிக்கு அதனால் ஒரு குறையும் வந்துவிடாது.