நம் படங்கள் யார் வீட்டில் இருக்கின்றன?

2015 ஜனவரியில் இடுக்கிக்கு ஒரு பெருமை கிடைத்தது. தேசிய ஒளியிழைத் திட்டத்தில் முழுமையாக இணைக்கப்பட்ட நாட்டின் முதல் மாவட்டம் என்று அறிவித்தார்கள். இன்று ரயில் தண்டவாளமே இல்லாத மாவட்டம் இது. பிறகு 2023 ஜூன் 5 அன்று கேரள அரசு கே-ஃபோன் என்ற இணையத் திட்டத்தைத் தொடங்கியது. மின்வாரியக் கம்பங்களிலேயே ஒளியிழையை இழுத்து, 20 லட்சம் ஏழைக் குடும்பங்களுக்கு இலவச இணையம் தருவது அதன் இலக்கு. குமுளியிலிருந்து வண்டன்மேடு போகும் வழியில் உள்ள ஆனைக்கரையில் (பாலக்காட்டு ஆனைக்கரை வேறு, நான் சொல்வது ஏலத்தோட்டத்து ஆனைக்கரை) இன்று இணையம் இல்லாத கடையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும்.

கேபிள் வீட்டுக்குள் வந்துவிட்டது. வீட்டில் இருந்ததெல்லாம் அதே கேபிள் வழியாக வெளியே போய்விட்டது. பிள்ளைகளின் படங்கள், புற்றடி ஏலக்காய் ஏலத்தில் காய் போட்ட ரசீது, ஆதார், வரி கட்டிய சீட்டு எல்லாம் போனிலிருந்து நேராக எங்கோ இருக்கும் ஒரு நிறுவனத்தின் கிடங்குக்குப் போகின்றன. நிலப் பட்டயத்துக்காகத் தலைமுறைக் கணக்கில் காத்திருந்த மண் இது. அந்தப் பட்டயத்தின் ஸ்கேன் பிரதியும் அங்கேதான் கிடக்கிறது. அதை வைத்திருக்கும் கணக்கு நாளை திறக்காவிட்டால் என்ன செய்வது என்று யாரும் யோசித்து வைத்ததில்லை.

யோசிக்க வேண்டிய காலம் வந்துவிட்டது. 2021 ஜூன் 1 வரை கூகுள் போட்டோஸில் சற்றுச் சுருக்கிய தரத்தில் எவ்வளவு படம் வேண்டுமானாலும் ஏற்ற முடிந்தது, காசு கிடையாது. அன்று முதல் மின்னஞ்சல், கோப்பு, படம் மூன்றுக்கும் சேர்த்து 15 ஜிபி. அதற்கு மேல் சந்தா. அதற்குள் பல ஆண்டுப் படங்கள் உள்ளே போய்விட்டிருந்தன. சீசனுக்கு முன்னால் வியாபாரியிடம் முன்பணம் வாங்கிய தோட்டக்காரர், அறுவடையில் அவர் சொன்ன விலைக்கே காயைக் கொடுக்க வேண்டிவரும். நமக்கும் அந்த நிலைதான் வந்தது.

சந்தா கட்டிவிடலாம். கணக்கையே பூட்டிவிட்டால்? குஜராத்தில் ஒரு பொறியாளர் தன் குழந்தைப் பருவப் படங்களைக் கூகுள் டிரைவில் ஏற்றினார். இரண்டு வயதில் பாட்டி தன்னைக் குளிப்பாட்டும் படமும் அதில் இருந்தது. குழந்தைகளுக்கு எதிரான ஆபாசம் என்று இயந்திரம் முடிவு கட்டியது. 2023-ல் கணக்கு முடங்கியது. தொழில் சார்ந்த மின்னஞ்சலும் அதோடு போயிற்று. 2024 மார்ச்சில் குஜராத் உயர்நீதிமன்றம் கூகுளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பாட்டி குளிப்பாட்டிய படம் இல்லாத வீடு நம்மில் எத்தனை?

தனி மனிதருக்குத்தான் இந்தக் கதி என்று எண்ண வேண்டாம். குஜராத்தின் வாடினாரில் மாபெரும் சுத்திகரிப்பு ஆலை நடத்தும் நயாரா எனர்ஜி நிறுவனத்தில் ரஷ்யாவின் ரோஸ்நெஃப்ட்டுக்குப் பங்கு உண்டு. 2025 ஜூலையில் ஐரோப்பிய ஒன்றியம் நயாராவின்மீது தடை விதித்தது. அதைத் தொடர்ந்து மைக்ரோசாஃப்ட் தன் சேவைகளை நிறுத்தியது. இந்தியச் சட்டப்படி காசு கட்டி வாங்கிய சேவை. தடையோ இந்தியா போட்டதல்ல. நயாரா டெல்லி உயர்நீதிமன்றத்துக்குப் போன பிறகு, அந்த மாதம் முடிவதற்குள் சேவை திரும்பியது. வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் வசதி அந்த ஆலைக்கு இருந்தது. ஆனைக்கரையில் ஏலக்காய்க் கடை வைத்திருப்பவருக்கு எங்கே இருக்கிறது?

அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒருமனதாகச் சொன்னது. அந்தத் தீர்ப்பு ஏட்டோடு நின்றுவிடாது என்பதைக் கேரளம் 2020 ஏப்ரலில் கண்டது. கொரோனா நேரத்தில் தனிமைப்படுத்தப்பட்டவர்களின் விவரங்கள் ஸ்பிரிங்க்ளர் என்ற அமெரிக்க நிறுவனத்திடம் போவதாகப் பெரிய சர்ச்சை கிளம்பியது. ஆளை அடையாளம் காட்டும் விவரங்களை நீக்கிய பிறகே நிறுவனத்துக்குத் தரவு போகலாம், மக்களின் சம்மதமும் வேண்டும் என்று கேரள உயர்நீதிமன்றம் இடைக்கால உத்தரவிட்டது. அரசிடம் இவ்வளவு உறுதியாகக் கேட்ட நாமே, அதைவிட நெருக்கமான விவரங்களை நாள்தோறும் கேள்வியே இல்லாமல் நிறுவனங்களுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இது எனக்கு ஆறாத வருத்தம்.

வருத்தத்துக்கு இன்னொரு காரணமும் உண்டு. சொந்தமாகச் செய்துகொள்ளும் திறன் இந்த மாநிலத்தில் ஏற்கெனவே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் இந்தியப் பிரிவு 2001-ல் திருவனந்தபுரத்தில்தான் தொடங்கியது. அந்த இயக்கத்தைத் தொடங்கிய ரிச்சர்ட் ஸ்டால்மன் வந்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் அரசுப் பள்ளிகளின் கணினிகள் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்துக்கு மாறின. இன்று கேரள அரசின் கைட் நிறுவனம் அதைத் தொடர்கிறது. தேயிலைத் தோட்டத்து லயத்தில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளையும் பத்தாம் வகுப்புக்குள் லினக்ஸ் தொட்டிருப்பான். படங்களையும் கோப்புகளையும் நம் வீட்டிலேயே வைத்துக்கொள்ள ஒரு சர்வர் அமைக்க, அதற்கு மேல் கற்க வேண்டியது கொஞ்சம்தான்.

8 ஜிபி ராம் உள்ள பழைய லேப்டாப் ஒன்று போதும். திரை உடைந்திருந்தாலும் பரவாயில்லை. அதில் டெபியன் என்ற லினக்ஸைப் போட்டு, படங்களுக்கு இம்மிச், கோப்புகளுக்கும் நாட்காட்டிக்கும் நெக்ஸ்ட்கிளவுட். இரண்டுமே கட்டற்ற மென்பொருள். இம்மிச் 2022-ல் பிறந்தது. போனில் எடுத்த படத்தைத் தானே வீட்டுக்கு அனுப்பும். முகங்களை அடையாளம் கண்டு பிரித்தும் வைக்கும். அந்த முகம் பார்க்கும் வேலை நம் லேப்டாப்புக்குள்ளேயே நடக்கிறது. பேத்தியின் முகம் வெளியே யாருக்கும் பாடமாவதில்லை.

“கரண்ட் போனா என்ன பண்றது?” இங்கே யாரிடம் பேச்செடுத்தாலும் முதலில் வரும் கேள்வி இதுதான். லேப்டாப்பில் பேட்டரி இருக்கிறது; மோடத்துக்கு 12 வோல்ட் சிறு யுபிஎஸ் கடையில் கிடைக்கிறது. லேப்டாப் 15 வாட் இழுத்தாலும் மாதத்துக்குச் சுமார் 11 யூனிட்தான் ஆகும். கரண்டைவிட நான் அஞ்சுவது இடிக்குத்தான். ஐப்பசி மாலைகளில் இந்த மலையில் இடி இறங்கினால் பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும், அந்த ஒரு மணி நேரம் சர்வர் இல்லாவிட்டால் குடி முழுகிவிடாது.

வெளியூரிலிருந்து வீட்டு சர்வரை எட்டுவதில் ஒரு சிக்கல் உண்டு. பல இணைய நிறுவனங்கள் ஏராளமான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகின்றன. உள்ளேயிருந்து வெளியே போகலாம், வெளியேயிருந்து வந்தால் எந்த வீடு என்று தெரியாது. பொது முகவரி உள்ள ஒரு வெளி சர்வர் வழியாக வயர்கார்ட் போன்ற மறையாக்கப்பட்ட சுரங்கம் வைத்தோ, இந்தியாவில் நன்றாகவே பரவிவிட்ட ஐபிவி6 முகவரி வழியாகவோ இதைத் தாண்டலாம். சர்வரை அப்படியே இணையத்தில் திறந்து வைப்பதை மட்டும் செய்யக் கூடாது.

இதையெல்லாம்விடக் கடினம், இருக்கும் இடத்திலிருந்து வெளியேறுவது. கூகுளின் டேக்அவுட் வசதியில் கேட்டால் படங்களை மூட்டை கட்டித் தந்துவிடும். பிரித்துப் பார்த்தால் ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் ஜேசன் என்றொரு சிறு கோப்பு இருக்கும். நாம் திருத்திய தேதியும் எழுதிய குறிப்பும் படத்தில் இருக்காது, அதில்தான் இருக்கும். கேமரா எடுத்த படம் என்றால் எடுத்த தேதியாவது படத்துக்குள்ளேயே பதிந்திருக்கும். நம் வீடுகளில் குவிந்திருப்பதோ வாட்ஸ்அப்பில் வந்தவை. அனுப்பும்போதே அந்த விவரம் உதிர்ந்துவிடுகிறது. ஜேசனைத் தவறவிட்டால் பத்து வருடக் கல்யாணங்களும் காதுகுத்துகளும் ஒரே நாளில் நடந்ததுபோல் வரிசையாக நிற்கும். இம்மிச்-கோ என்ற கருவி படத்தையும் ஜேசனையும் சேர்த்து இம்மிச்சில் ஏற்றித் தரும். ஏற்றிய பிறகும் சில மாதம் பழைய கணக்கை அழிக்காமல் வைத்திருப்பது நல்லது.

எல்லாவற்றையும் வீட்டுக்குக் கொண்டுவா என்று நான் சொல்லவில்லை. மின்னஞ்சல் சர்வரை வீட்டில் நடத்துவது பெரும்பாடு. அனுப்பும் கடிதம் பெறுபவரின் ஸ்பாமில் விழக்கூடும். மின்னஞ்சலுக்குச் சொந்தப் பெயரில் ஒரு டொமைன் வாங்கி, காசு கொடுத்து ஒரு நிறுவனத்தில் வைக்கலாம். நிறுவனம் பிடிக்காவிட்டால் முகவரி மாறாமல் வேறிடம் போய்விடலாம். வெளியே போகும் கதவு திறந்திருக்கிறதா என்பதைத்தான் பார்க்க வேண்டும்.

வீட்டில் மட்டும் வைத்திருந்தால் போதும் என்று இந்த மாவட்டத்தில் இருந்துகொண்டு சொல்லவும் எனக்கு மனம் வராது. 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறுக்கு அப்பால் பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்கள் மண்ணோடு போயின. இறந்த 70 பேரில் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். சில குடும்பங்களில் முகம் பார்க்கப் படம்கூட மிஞ்சாது, அப்படிப்பட்ட சரிவு அது. அதனால் ஒரு பிரதி மலையில் இருந்தால் இன்னொன்று மலைக்குக் கீழே இருக்க வேண்டும். தேனி மாவட்டத்துக் கம்பத்திலோ போடியிலோ அத்தையோ சித்தப்பாவோ இல்லாத தமிழ்க் குடும்பம் இங்கே அபூர்வம். அவர்கள் வீட்டு அலமாரியில் மறையாக்கம் செய்த ஒரு ஹார்ட் டிஸ்க்கை வைத்து, திருவிழாவுக்குப் போகும்போதெல்லாம் புதுப்பித்துக்கொள்ளலாம். மறையாக்கச் சாவியைக் காகிதத்தில் எழுதி இரண்டு இடத்தில் வைக்க வேண்டும். வீட்டில் ஒருவருக்கு மட்டும் தெரிந்த சாவி அவரோடு போய்விடும்.

ஒவ்வொரு வீட்டிலும் இதைச் செய்ய ஆள் இருக்காது என்பதும் உண்மை. தனியாக முடியாததைக் கூடிச் செய்யலாம். இந்தியக் கட்டற்ற மென்பொருள் சமூகத்தார் பொட்டரி என்ற பெயரில் அரட்டைச் சேவையைத் தன்னார்வலர்களைக் கொண்டே நடத்தியிருக்கிறார்கள். பிராவ் என்ற செயலியைப் பயனர்களே உரிமையாளராக இருக்கும் கூட்டுறவாக வளர்க்க முயல்கிறார்கள். கேரளத்தில் வாசகசாலை இல்லாத ஊரைக் காண்பது அரிது, அவற்றுக்குப் பொறுப்பாக மாநில நூலகக் கவுன்சிலும் இருக்கிறது. ஆனைக்கரைப் பக்கத்து வாசகசாலை ஒன்று, விரும்பும் 20 குடும்பங்களுக்கு ஒரு சர்வர் வைத்துப் பார்க்கட்டும். பழைய கணினி, இரண்டு டிஸ்க், ஒரு யுபிஎஸ், பள்ளியில் லினக்ஸ் படித்துவிட்டு ஊரில் இருக்கும் பிள்ளைகள் இரண்டு பேர், அவர்களுக்கு மாதம் ஒரு சிறு தொகை. மாதத்துக்கு ஒருமுறை, காப்புப் பிரதியிலிருந்து ஏதாவது ஒரு வீட்டின் படங்களை எடுத்து, திறக்கிறதா என்று அந்த வீட்டுக்காரர் முன்னாலேயே சோதித்துக் காட்ட வேண்டும்.