கமகமும் கிதாரும்

1969-இல் ‘கிங் கிரிம்ஸன்’ என்னும் ஆங்கிலக் குழுவின் முதல் இசைத்தட்டு வெளிவந்தபின், சிறுபாட்டாயிருந்த ராக் இசை, தாளம் பல மாறும் நெடும்பாட்டாய் விரிந்தது. மெல்லோட்ரான் என்னுங் கருவியில் ஒவ்வொரு கட்டையின் கீழும் ஒலிநாடா ஒன்று ஓட, வயலின் திரளே முழங்குவது போலிருக்கும்.

அந்நெறியின் வழித்தோன்றல் பெங்களூரிலும் உண்டு. 2003-இல் தோன்றிய ‘அகம்’ குழுவினர், நளினகாந்தி இராகத்தில் தியாகராஜர் இயற்றிய ‘மனவ்யாலகிஞ்சராததே’ கிருதியை மின்கிதாருடன் பாடுகின்றனர். இஃது எளிதன்று. கிதாரின் மெட்டுக்கள் சுரங்களைத் தனித்தனியே நிறுத்தும். கமகமோ அவற்றினிடையே அசைவது. நரம்பை இழுத்து வளைத்தே அதனை எட்டல் வேண்டும்.

கிருதி கெட்டதென்பார் உளர். அம்மாபேட்டைத் தறிகளிற் பாவு நிற்க ஊடை மட்டும் நிறம் மாறுதலை நாடோறுங் காணும் எமக்கு அவ்வாறு தோன்றவில்லை. ஹரீஷ் சிவராமகிருஷ்ணனின் குரல் இராகத்தைப் பாவாகப் பற்றி நிற்கின்றது. முழக்கம் மிகுமிடத்துச் சாகித்தியம் செவிக்கு எட்டாதொழிவது குறையே.