பின் சீட்டும் சைடு பையும்

படாளம் கூட்டுரோட்டில் சற்று நேரம் நின்று பார்த்தால் புல்லட் வகை வண்டிகள் இரண்டு விதமாகப் போவது தெரியும். ஜி.எஸ்.டி. சாலையில் சென்னையிலிருந்து புதுச்சேரிக்கோ திருச்சிக்கோ போகிறவை இருபுறமும் பை கட்டிக்கொண்டு ஒற்றை ஆளோடு போகும். வேடந்தாங்கல் சாலையிலிருந்து வந்து ஏறுகிறவற்றில் பின்னால் மனைவியோ அம்மாவோ உட்கார்ந்திருப்பார், பை இருக்காது. இந்த இரண்டையும் ஒரே வண்டியில் சேர்க்க நினைக்கும்போதுதான் தலைவலி ஆரம்பிக்கிறது. "அண்ணே, கிளாசிக்குக்கு அகலமா பின் சீட்டு ஒண்ணு வாங்கிட்டேன். சைடு பேக் மாட்டினா சீட்டு உக்கார மாட்டேங்குது, சீட்டு மாட்டினா பேக்குக்கு இடமில்ல" என்று ஒரு தம்பி டீக்கடையில் கேட்டார். ஒரு டீயில் முடிகிற பதில் இல்லை. இன்னொன்று சொல்லிக்கொண்டு நிதானமாகப் பார்ப்போம்.

இந்த வண்டி நமக்கு அயலூர்ப் பொருள் அல்ல. 1950-களில் திருவொற்றியூரில் தொடங்கிய என்ஃபீல்டு தொழிற்சாலை வளர்ந்து, 2013-ல் ஒரகடத்திலும் பிறகு வல்லம் வடகாலிலும் ஆலை வைத்தது. செங்கல்பட்டைத் தாண்டினால் ஒரகடம் எட்டிவிடும் தூரம்தான். 2009-ல் வந்த என்ஃபீல்டு கிளாசிக்கில் ஓட்டுபவர் சீட்டு தனி, பின் சீட்டு தனி. பின் சீட்டு மட்கார்டின் மேல் உட்காரும் ஒரு தனித்துண்டு. வேண்டாதவர் கழற்றி வைக்கலாம், வேண்டியவர் வேறு வாங்கி மாட்டலாம். இந்தச் சுதந்திரத்தால்தான் சென்னையில் புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டிலும் விதவிதமாகச் சீட்டு கிடைக்கிறது. சீட்டை மாற்றும் சுதந்திரம் வந்ததும், அதன்மேல் உட்காரப்போகும் ஆளை மறந்துவிடுகிறோம் என்பதுதான் என் வருத்தம்.

பெரும்பாலும் நடப்பது இதுதான். முதலில் பை வாங்குவோம், பிறகு பைக்கு ஏற்ற கம்பி, அப்புறம் பார்க்க நன்றாக இருக்கிறதே என்று சீட்டு. கடைசியில்தான் வீட்டிலிருப்பவரைக் கூப்பிட்டு "ஏறிப் பாரு" என்போம். இந்த வரிசையைத் தலைகீழாக்கினால் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடும். முதலில் ஆள், பிறகு சீட்டு, கடைசியில்தான் பை.

காரணம் எளியது. பின்னால் உட்காருபவரின் தொடை, முழங்காலுக்குக் கீழான சதை, குதிகால் மூன்றும் இருக்க வேண்டிய இடமும், சைடு பை தொங்க வேண்டிய இடமும் ஒன்றே. ஃபுட்ரெஸ்ட்டிலிருந்து சீட்டின் ஓரம் வரை சாய்வாக ஒரு கோடு போட்டால், அந்தக் கோட்டுக்குப் பின்னால்தான் பைக்கு இடம். பையின் முன்பக்க மேல்மூலை அந்தக் கோட்டைத் தாண்டி முன்னே வந்தால் பின்னிருப்பவரின் காலை அது இடித்துக்கொண்டே இருக்கும். பத்து நிமிடம் பொறுத்துக்கொள்வார். மாமல்லபுரம் வரை போய்வரச் சொன்னால் கால் மரத்துப்போகும். மரத்த காலை அவர் அசைத்து நகர்த்தும்போது வண்டியும் அசையும்.

பணம் கொடுப்பதற்கு முன்பே இதைக் கண்டுபிடிக்க வழி உண்டு. வாங்க நினைக்கும் பையின் நீளம், உயரம், அகலம் குறித்துக்கொள்ளுங்கள். அதே அளவில் ஓர் அட்டைப்பெட்டியை வெட்டி, கயிற்றால் வண்டியின் பக்கத்தில் கட்டுங்கள். வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, ஒருவர் முன்னால் பிடித்துக்கொள்ள, பின்னால் உட்காரப்போகும் ஆளையே ஏறச் சொல்லுங்கள். உங்களைவிட உயரம் குறைந்தவராகவோ கூடியவராகவோ இருப்பார் என்பதால் வேறு யாரையும் வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. கால் எங்கே படுகிறதோ அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். ஏறும்போதும் இறங்கும்போதும் கால் பெட்டியில் தட்டுகிறதா என்றும் பாருங்கள். பலருக்கு உட்கார்ந்த பிறகு தொந்தரவு இருக்காது, காலைத் தூக்கிப் போடும்போதுதான் இடிக்கும்.

இங்கே நம் ஊர்ப் பழக்கம் ஒன்றைத் தனியாகச் சொல்லியாக வேண்டும். இந்தச் சீட்டுகளுக்கும் பைகளுக்கும் வரும் படங்களில் எல்லாரும் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். நம் வீட்டில் சேலை கட்டியவர்கள் இடப்பக்கம் திரும்பி உட்காருகிறார்கள். இரண்டு காலும் இடப்பக்கம், பாதம் சேலைக் கம்பியோடு வரும் அந்தத் தகட்டின் மேல். இடப்பக்கம் பை மாட்ட வேண்டும் என்று கடைக்காரரிடம் சொன்னதும் அவர் முதலில் கழற்றுவது அந்தச் சேலைக் கம்பியைத்தான். அதற்கு ஒப்பவே ஒப்பாதீர்கள். மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989-இன் 123-ஆம் விதி, பின்னிருப்பவர் பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கால் வைக்க ஃபுட்ரெஸ்ட், துணி சிக்காதபடி பின்சக்கரத்தில் பாதிக்குக் குறையாமல் மறைக்கும் தடுப்பு ஆகிய மூன்றையும் கேட்கிறது. சேலை முந்தானையும் சுடிதார் துப்பட்டாவும் சக்கரத்தில் சுற்றினால் என்ன ஆகும் என்பது நம் எல்லாருக்கும் தெரிந்த பயங்கரம். அந்த விதி நம் தெருக்களைப் பார்த்து எழுதப்பட்டது.

பை துணியைத் தடுத்துவிடுமே என்று கேட்பார்கள். தடுக்காது. பைக்கும் சீட்டுக்கும் நடுவில் இருக்கும் இடுக்கு வழியாகத்தான் முந்தானை உள்ளே போகும். ஆகவே அம்மா பின்னால் வரும் வண்டி என்றால் என் யோசனை இதுதான்: சட்டென்று கழற்றி மாட்டும் பைகளாக வாங்குங்கள். அவர் வரும் நாளில் இடப்பக்கப் பையைக் கழற்றி வீட்டில் வையுங்கள், வலப்பக்கம் மட்டும் சிறு பை போதும். அவருடைய காலின் எடை இடப்பக்கம் விழுவதால் வலப்பக்கச் சிறு பை ஓரளவு சமன் செய்யவும் செய்யும். ஆனால் வலப்பக்கம் சைலன்சர் இருக்கிறது. துணிப் பையோ ரெக்ஸின் பையோ அதன்மேல் சாய்ந்தால் உருகும், தீப்பிடிக்கவும் கூடும். பையைத் தள்ளிப் பிடிக்கும் இரும்புக் கம்பி அந்தப் பக்கம் கட்டாயம் வேண்டும்.

இனி தம்பியின் கேள்வி: சீட்டு ஏன் உட்காரவில்லை? இருபுறமும் தொங்கும் பைகளை இணைக்கும் பட்டை சீட்டுக்கு அடியில் போகிறது. சீட்டின் அடித்தகடு, மட்கார்டின் மேல் ரப்பர் புஷ்களில் சமமாக உட்கார வேண்டியது. நடுவில் தடித்த பட்டை வந்ததும் ஒரு பக்கம் தூக்கிக்கொள்கிறது. அதை அமுக்கி போல்ட்டை இறுக்கினால் அன்றைக்கு உட்கார்ந்துவிடும். பிறகு ஒவ்வொரு பள்ளத்திலும் தகடு வளைந்து வளைந்து, போல்ட் துளையின் ஓரத்தில் விரிசல் விடும். படாளம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் ஓடும் பருவத்தில் நம் உள்சாலைகள் இருக்கும் நிலைக்கு, விரிசல் விட அதிக நாள் ஆகாது.

பட்டை அமுங்கும் இடத்தில் தட்டையாக, தையல் முடிச்சு இல்லாமல் இருக்க வேண்டும். புஷ்கள் இருக்கும் இடத்தை விட்டு விலகிப் போக வேண்டும். அப்படியும் இடம் போதவில்லை என்றால் சீட்டின் எல்லா போல்ட்டுகளுக்கும் ஒரே தடிமனில் இரும்பு ஸ்பேசர் வைத்துச் சீட்டையே சமமாக உயர்த்தலாம். ஒன்றுக்கு மட்டும் வாஷர் அடுக்குவது கூடாது. ஸ்பேசர் எவ்வளவு தடிமனோ அவ்வளவு நீளம் போல்ட்டிலும் கூட வேண்டும். போல்ட்டின் விட்டம் அளவுக்காவது மரை உள்ளே ஏறியிருக்க வேண்டும் என்பது பட்டறைக் கணக்கு. 8 மி.மீ. போல்ட் என்றால் குறைந்தது 8 மி.மீ. ஆழம்.

அதற்காக மிக நீளமான போல்ட்டையும் போட்டுவிடக் கூடாது. இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. மட்கார்டில் மேலிருந்து இறங்கும் போல்ட்டின் வால் டயரைப் பார்த்து நிற்கும். வண்டி நிற்கும்போது டயருக்கும் அதற்கும் தாராளமாக இடைவெளி தெரியும். இரண்டு பேர் ஏறி, பையும் நிறைந்து, வேகத்தடையில் ஷாக் அப்சார்பர் முழுதாக அமுங்கும்போது டயர் மேலே ஏறி வரும். அந்த வால் டயரைக் கீறினால் கதை முடிந்தது. ஆகவே போல்ட்டைக் கீழிருந்து மேலாகப் போட்டு நட்டை மேலே வைக்க முடிந்தால் நல்லது. முடியாத இடத்தில் நைலாக் நட் போட்டு, இரண்டு மூன்று மரைக்கு மேல் நீட்டியிருப்பதை அறுத்துவிடுங்கள். மட்கார்டின் உள்பக்கத்தில் டெயில் லேம்புக்கும் இண்டிகேட்டருக்கும் போகும் வயர் இருக்கும். தகடு அதைக் கடித்துக்கொண்டிருக்கிறதா என்று கைவிட்டுத் தடவிப் பாருங்கள். பிரேக் விளக்கு எரியாமல் போனால் பின்னால் வரும் லாரிக்காரருக்கு நாம் நிற்பது தெரியாது.

ஷாக் அப்சார்பரின் மேல் போல்ட்டிலேயே பைக் கம்பியையும் மாட்டும் வகைகள் உண்டு. அது வண்டியின் பின்பக்க எடையைத் தாங்கும் போல்ட். கம்பிக்காக இளக்கிய பிறகு, தொழிற்சாலை சொன்ன அளவுக்கு டார்க் ஸ்பேனர் வைத்து இறுக்கித் தரும் மெக்கானிக்கிடம் மட்டும் அதைக் கொடுங்கள். கடற்கரைப் பக்கம் அதிகம் போகிறவர்கள், அதாவது மாமல்லபுரம், கோவளம், கல்பாக்கம் என்று கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஓடுகிறவர்கள், மலிவான முலாம் பூசிய போல்ட் வாங்க வேண்டாம். உப்புக்காற்றில் அது துருவேறி மரையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்த முறை கழற்றும்போது தலை முறிந்து கையோடு வரும்.

சீட்டைத் தேர்ந்தெடுப்பது பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. அகலம் இருந்தால் சுகம் என்று நினைக்கிறோம். அளவுக்கு மீறிய அகலம் தொடையை விரித்து, ஃபுட்ரெஸ்ட்டுக்குக் கால் எட்டாமல் செய்துவிடும். மிக மிருதுவான ஃபோம் கடையில் அருமையாக இருக்கும், செங்கல்பட்டைத் தாண்டுவதற்குள் அடித்தகடு உறுத்தும். கட்டைவிரலால் அழுத்தினால் எதிர்த்து நிற்கிற ஃபோம்தான் நீண்ட வழிக்கு உதவும். சீட்டு ஒருபோதும் பின்பக்கம் சரியக் கூடாது. சரிந்தால் வேகம் கூட்டும்போதெல்லாம் பின்னிருப்பவர் கைப்பிடியை இறுகப் பற்றிக்கொண்டு பயத்தோடே வருவார். கைப்பிடியை எடுத்துவிட்டு மாட்டும் சீட்டு எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம்.

ஒற்றைச் சீட்டாகவே விற்கப்படும் வண்டிகளின் விஷயம் வேறு. பதிவுச் சான்றில் இருக்கை எண்ணிக்கை ஒன்று என்று இருக்கும் வண்டியில் நாமாகப் பின் சீட்டு மாட்டினால், மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆம் பிரிவு குறுக்கே வரும். பதிவில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது அது. 128-ஆம் பிரிவு, பின்னால் ஒருவருக்கு மேல் ஏற்றக் கூடாது, அவரும் ஓட்டுபவருக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்திய முறையான சீட்டில்தான் உட்கார வேண்டும் என்கிறது. ஆக, சீட்டை ஆடாமல் மாட்டுவது சட்டமே நம்மிடம் கேட்கும் ஒன்று.

சீட்டுக்குச் செலவழிப்பதற்கு முன் இன்ஷூரன்ஸ் காகிதத்தையும் எடுத்துப் பாருங்கள். சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் மூன்றாம் நபர் பாலிசி, இருசக்கர வண்டியில் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2008-ல் சுதாகரன் வழக்கில் சொன்னது. முழுப் பாலிசியில்தான் அவருக்குப் பாதுகாப்பு. வசதியான சீட்டு வாங்கித் தந்து, அந்தச் சீட்டில் உட்காருபவருக்கு இழப்பீடே இல்லாத பாலிசியை வைத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

எல்லாம் மாட்டியாயிற்று என்றால், எடை ஏறியதும் வண்டி எப்படி மாறுகிறது என்று பார்க்க வேண்டும். பின்னால் ஆளும் பையும் சேர்ந்தால் பின்பக்கம் தாழ்ந்து முன்பக்கம் லேசாகும். கனமான பொருளைப் பையின் அடியில், முன்பக்கமாக வையுங்கள். 2021-க்குப் பிறகு வந்த கிளாசிக்கில் பின் ஷாக் அப்சார்பரின் ஸ்பிரிங்கை 6 படிகளில் இறுக்கலாம். தனியாகப் போகும்போது இருக்கும் படியிலேயே விட்டுவிடாதீர்கள். பின் டயர் காற்றையும் கையேட்டில் இரண்டு பேருக்கு என்று போட்டிருக்கும் அளவுக்கு ஏற்றுங்கள். பின்பக்கம் தாழ்ந்தால் முன்விளக்கு மேலே பார்க்கும், இரவில் ஜி.எஸ்.டி. சாலையில் எதிரே வருபவரின் கண் கூசும். அதையும் சுவரில் அடித்துப் பார்த்து இறக்க வேண்டும். பின்னால் சில அடி தள்ளி நின்று, பைகள் இண்டிகேட்டரை மறைக்கவில்லையே என்றும் பாருங்கள்.

முதல் ஓட்டத்துக்கு நெடுஞ்சாலை வேண்டாம். படாளத்திலிருந்து வேடந்தாங்கல் ஏரி வரை போய்வாருங்கள். புறப்படும் முன் சீட்டு போல்ட், கம்பி போல்ட் ஒவ்வொன்றின் தலையிலிருந்தும் தகடு வரை வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். ஏரிக்கரையில் இறங்கியதும் முதலில் பின்னால் வந்தவரிடம் கேளுங்கள்: கால் எங்கே உரசியது, எந்த இடத்தில் பிடித்துக்கொள்ளத் தோன்றியது, முதுகு எப்போது வலித்தது. பிறகு குனிந்து கோடுகளைப் பாருங்கள். கோடு விலகியிருந்தால் அந்த போல்ட்டை மேலும் இறுக்கிவிட்டு வந்துவிடாதீர்கள். கழற்றி, அடியில் புஷ் அமுங்கியதா, பட்டை நகர்ந்ததா, தகடு வளைந்ததா என்று பார்த்து, அதைச் சரிசெய்த பிறகு இறுக்குங்கள்.