மேகக் கணிமையில் தானியக்க அளவுமாற்றம்

தானியக்க அளவுமாற்றம் என்பது, ஓர் இணையச் சேவைக்கு வரும் பயனர் கூட்டத்துக்கு ஏற்ப அதன் வழங்கிகளின் எண்ணிக்கையை மென்பொருளே கூட்டியும் குறைத்தும் கொள்ளும் முறையாகும். ஆங்கிலத்தில் இது ஆட்டோ ஸ்கேலிங் என வழங்கப்படுகிறது. மேகக் கணிமையில் வழங்கிகளை வாடகைக்கு எடுக்கும் நிறுவனங்கள், கூட்டம் மிகும்போது சேவை முடங்காமல் இருக்கவும், கூட்டம் இல்லாதபோது வீண் வாடகை கட்டாமல் இருக்கவும் இதனைப் பயன்படுத்துகின்றன. படிப்படியாக ஏறி இறங்கும் கூட்டத்துக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஒரே நிமிடத்தில் திரளும் கூட்டத்துக்கு இது மட்டும் போதாது, முன்னேற்பாடும் தேவை.

அடிப்படைக் கருத்து

கள்ளக்குறிச்சி மாவட்டம் உளுந்தூர்பேட்டை வட்டத்தில் உள்ள கூவாகம் சிற்றூருக்கு ஆண்டின் பெரும்பாலான நாட்களில் சில பேருந்துகள் போதும். சித்திரை மாதக் கூத்தாண்டவர் திருவிழாவின்போது பல ஊர்களிலிருந்தும் மக்கள் திரள்வதால் சிறப்புப் பேருந்துகள் விடப்படுகின்றன. விழா முடிந்ததும் அவை தத்தம் வழக்கமான தடங்களுக்குத் திரும்பிவிடும். திருவிழாவுக்குத் தேவையான அத்தனை பேருந்துகளையும் ஆண்டு முழுவதும் அவ்வூரிலேயே நிறுத்தி வைப்பது வீண் செலவு. ஒன்றும் கூட்டாமல் விட்டுவிட்டால் மக்கள் வழியிலேயே தவிப்பார்கள்.

இணைய வணிகத்தின் நிலையும் இதுவே. முற்காலத்தில் ஒரு நிறுவனம் தன் பெருங்கூட்ட நாளைக் கணக்கிட்டு, அதற்குரிய வழங்கிகளை விலைக்கு வாங்கி வைத்தது. மற்ற நாட்களில் அவற்றில் பெரும்பகுதி வேலையின்றிக் கிடந்தது. மேகக் கணிமையில் வழங்கிகள் மணிக்கணக்கிலும் நொடிக்கணக்கிலும் வாடகைக்குக் கிடைப்பதால், தேவைப்படும்போது மட்டும் கூட்டிக்கொள்ளும் வழி பிறந்தது.

வரலாறு

அமேசான் நிறுவனம் மெய்நிகர் வழங்கிகளை வாடகைக்கு விடும் சேவையை 2006 ஆகஸ்டில் தொடங்கியது. 2008-இல், படங்களிலிருந்து காணொளி உருவாக்கித் தரும் அனிமோட்டோ என்னும் சிறு நிறுவனம் முகநூல் வழியாகத் திடீரெனப் பரவியது. ஏறத்தாழ 50 ஆக இருந்த அதன் வழங்கிகள் சில நாட்களில் 3,000-க்கும் மேலாகக் கூட்டப்பட்டன. சொந்தக் கருவிகளை வாங்கி அத்தனை விரைவாக வளர்வது இயலாத செயல் என்பதை இந்நிகழ்வு தொழில் உலகத்துக்கு உணர்த்தியது.

2009 மே மாதத்தில் அமேசான், கண்காணிப்பு, சுமைப் பகிர்வு, தானியக்க அளவுமாற்றம் ஆகிய மூன்று வசதிகளையும் ஒருசேர அறிமுகப்படுத்தியது. பின்னர் மைக்ரோசாப்ட், கூகுள் ஆகியவையும் இத்தகைய வசதிகளை அளித்தன. நெட்ஃபிளிக்ஸ் நிறுவனம், பழைய பயன்பாட்டுக் கணக்கைக் கொண்டு வரப்போகும் கூட்டத்தை முன்கணிக்கும் ஸ்க்ரையர் என்ற அமைப்பை 2013-இல் வெளிப்படுத்தியது. இந்தியாவில் மைக்ரோசாப்டின் மேகத் தரவு மையங்கள் சென்னை, புணே, மும்பை ஆகிய இடங்களில் 2015-இலும், அமேசானின் மும்பை மையம் 2016-இலும் இயங்கத் தொடங்கின.

இயங்கும் முறை

இம்முறையில் நான்கு உறுப்புகள் சேர்ந்து வேலை செய்கின்றன.

முதலாவது கண்காணிப்பு. ஒவ்வொரு வழங்கியின் செயலி எத்தனை விழுக்காடு வேலையில் உள்ளது, நிமிடத்துக்கு எத்தனை கோரிக்கைகள் வருகின்றன என்பன போன்ற அளவுகள் தொடர்ந்து பதிவாகின்றன.

இரண்டாவது விதி. செயலிகளின் சராசரிச் சுமை 60 விழுக்காட்டை ஒட்டி இருக்க வேண்டும் என நிறுவனம் வரையறுக்கிறது எனக் கொள்வோம். 4 வழங்கிகள் இயங்கும்போது சுமை 90 விழுக்காடாக உயர்ந்தால், 4-ஐ 90-ஆல் பெருக்கி 60-ஆல் வகுக்க, 6 வழங்கிகள் தேவை எனத் தெரியும். மென்பொருள் மேலும் இரண்டைத் தொடங்கும். குறைந்த அளவு எத்தனை, உச்ச வரம்பு எத்தனை என்பதையும் விதியிலேயே குறித்து வைப்பர்.

மூன்றாவது அச்சுப்படி. புதிய வழங்கி தொடங்கும்போது அதில் இயங்கவேண்டிய மென்பொருள் அனைத்தும் அடங்கிய ஆயத்தப் படி ஒன்று அதில் ஏற்றப்படுகிறது. எல்லா வழங்கிகளும் ஒன்றுபோல் இருப்பதற்கு இதுவே காரணம்.

நான்காவது சுமைப் பகிர்வி. வரும் கோரிக்கைகளை எல்லா வழங்கிகளுக்கும் இது பிரித்து அனுப்புகிறது. புதிய வழங்கி நலமாக இயங்குகிறது என உறுதியான பிறகே அதற்கு வேலை கொடுக்கும். பழுதடைந்த வழங்கியை ஒதுக்கிவிடும்.

சுமை சற்றே ஏறி இறங்கும்போதெல்லாம் வழங்கிகளைக் கூட்டிக் குறைத்தால் அமைப்பு நிலையின்றித் தள்ளாடும். ஆகவே, ஒரு மாற்றத்துக்கும் அடுத்த மாற்றத்துக்கும் இடையே சில நிமிடங்கள் ஆறுதல் இடைவெளி விடுவது வழக்கம். கூட்டுவதை விரைவாகவும் குறைப்பதை மெதுவாகவும் செய்வதே பாதுகாப்பானது.

வகைகள்

சுமை ஏறிய பின் கூட்டுவது எதிர்வினை முறை. நேரத்தைக் குறித்து வைத்துக் கூட்டுவது கால அட்டவணை முறை. பழைய கணக்கைக் கொண்டு கணித்துக் கூட்டுவது முன்கணிப்பு முறை. இவற்றைக் கலந்தும் பயன்படுத்தலாம். வழங்கிகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது கிடைமட்ட அளவுமாற்றம் எனவும், இருக்கும் வழங்கியையே ஆற்றல் மிக்கதாக மாற்றுவது செங்குத்து அளவுமாற்றம் எனவும் அழைக்கப்படும். தானியக்க முறையில் பெரிதும் பயன்படுவது கிடைமட்ட வகையே.

வணிகப் பயன்பாடு

செலவுக் குறைப்பை ஓர் எளிய கணக்கால் விளக்கலாம். ஓர் இணையக் கடைக்கு நாளில் 4 மணி நேரம் 20 வழங்கிகளும், மீதி 20 மணி நேரம் 4 வழங்கிகளும் தேவை எனக் கொள்வோம். எப்போதும் 20 வழங்கிகளை வைத்திருந்தால் ஒரு நாளைக்கு 480 வழங்கி மணிகளுக்கு வாடகை கட்டவேண்டும். அளவுமாற்றம் செய்தால் 80-உம் 80-உம் சேர்த்து 160 மணிகளே ஆகும். செலவு மூன்றில் ஒரு பங்காகிறது.

பயணச்சீட்டு விற்பனை இதற்குப் பொருத்தமான துறை. கள்ளக்குறிச்சி நகருக்கு நெடுங்காலமாக ரயில் வராததால், சென்னையில் வேலை செய்வோர் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஊர் திரும்பப் பேருந்தையே பெரிதும் நம்புகின்றனர். இத்தகைய பயணிகளின் முன்பதிவு பண்டிகைக்கு முந்திய சில நாட்களில் குவியும். 2006-இல் பெங்களூருவில் தொடங்கப்பட்ட ரெட்பஸ் நிறுவனம், தொடக்கத்தில் மரபான தரவு மையத்தில் இயங்கிப் பின்னர் அமேசான் மேகத்துக்கு மாறியது.

கடைத்தெருவில் உள்ள சிறு வணிகர் வழங்கி எதையும் தாமே நிர்வகிப்பதில்லை. அவர் மாதச் சந்தா கட்டிப் பயன்படுத்தும் கணக்கு மென்பொருளுக்கும் இணையக் கடைக்கும் பின்னால், அதை வழங்கும் நிறுவனம் இந்த வேலையைச் செய்கிறது. எனவே, கூட்ட நாளில் தளம் நின்றால் யார் பொறுப்பு, அளவு கூடினால் கட்டணமும் கூடுமா என்பவற்றை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்வது அவருக்கு நல்லது.

ஹாட்ஸ்டார்: ஓர் எடுத்துக்காட்டு

2019 உலகக் கோப்பை மட்டைப்பந்துத் தொடரில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதிய அரையிறுதியை, ஹாட்ஸ்டார் தளத்தில் ஒரே நேரத்தில் 2 கோடியே 53 லட்சம் பேர் வரை பார்த்தனர். மழையால் ஆட்டம் மறுநாளுக்குத் தள்ளிப்போய், 2019 ஜூலை 10 அன்று முடிந்தது. தோனி ரன் அவுட் ஆனதும் பார்வையாளர் எண்ணிக்கை சரிந்தது.

இத்தகைய சரிவும் ஆபத்தானதே. ஆட்டத்தைவிட்டு வெளியேறுவோர் பலர் செயலியை மூடாமல், பின்செல்லும் பொத்தானை அழுத்தி முகப்புப் பக்கத்துக்கு வருகின்றனர். காணொளிக்கான சுமை குறையும் அதே நொடியில் முகப்புப் பக்கத்தின் சுமை பல மடங்கு ஏறுகிறது. கூட்டம் குறைகிறது என எண்ணி மென்பொருள் அதன் வழங்கிகளைக் குறைத்திருந்தால் தளம் முடங்கியிருக்கும்.

புதிய வழங்கி தொடங்கி வேலைக்கு ஆயத்தமாவதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பெரிய ஆட்டங்களில் அந்த நேரத்துக்குள் பல லட்சம் பேர் வந்துவிடுவர். ஆகவே அந்நிறுவனம், மேக நிறுவனத்தின் ஆயத்த வசதியை மட்டும் நம்பாமல், ஒரே நேரப் பார்வையாளர் எண்ணிக்கையை அளவுகோலாகக் கொண்ட சொந்த முறையை உருவாக்கியது. ஆட்டத்துக்கு முன்பே வழங்கிகளைக் கூட்டி வைத்தது. நெருக்கடியில் பரிந்துரைப் பட்டியல் போன்ற துணை வசதிகளை நிறுத்திவிட்டு, ஆட்டத்தை மட்டும் காட்டும் ஏற்பாட்டையும் வைத்திருந்தது. 2023 நவம்பர் 19 அன்று நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இத்தளத்தின் ஒரே நேரப் பார்வையாளர் எண்ணிக்கை 5 கோடியே 90 லட்சத்தை எட்டியது.

வரம்புகள்

வழங்கிகளைக் கூட்டினாலும் அவை அனைத்தும் ஒரே தரவுத்தளத்தை நாடினால் நெரிசல் அங்கே இடம் மாறும். கடையில் பணியாளர் எத்தனை பேர் இருந்தாலும் பணம் வாங்குமிடம் ஒன்றே என்றால் வரிசை குறையாது. எனவே, அடிக்கடி கேட்கப்படும் விவரங்களைத் தனியே தேக்கி வைத்தல், தரவுத்தளத்தைப் பகுத்தல் ஆகியவையும் தேவை.

கூட்டம் உண்மையானதா பொய்யானதா என்பதை இம்முறை தானாக அறியாது. தானியங்கி நிரல்கள் வேண்டுமென்றே அனுப்பும் கோரிக்கைகளுக்கும் வழங்கிகள் கூடும், வாடகையும் ஏறும். உச்ச வரம்பும் செலவு எச்சரிக்கையும் வைப்பது இதனால்தான்.

குறித்த நேரத்தில் திறக்கும் பொதுச் சேவைகள் இன்னொரு சிக்கலைக் காட்டுகின்றன. 2021 ஏப்ரல் 28 அன்று மாலை 4 மணிக்கு, 18 வயது நிரம்பியோருக்கான தடுப்பூசிப் பதிவு கோவின் தளத்தில் திறந்தது. தொடக்கத்தில் பலருக்குத் தளம் திறக்கவில்லை. சிறிது நேரத்தில் சீரடைந்து, அன்றே 1 கோடியே 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் பதிந்தனர். ஆனால் இணையமோ திறன்பேசியோ இல்லாதவர்கள் அந்த வரிசையிலேயே இல்லை. உச்ச நீதிமன்றம் இந்த இடைவெளியைச் சுட்டிக்காட்டியது. அரசு மையங்களில் 18 முதல் 44 வயதினர் நேரில் பதிவு செய்ய 2021 மே 24 அன்று நடுவண் அரசு இசைவளித்தது.

கல்வராயன் மலையும் கடைசித் தொலைவும்

கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் மேற்கே, கிழக்குத் தொடர்ச்சி மலையின் பகுதியாகக் கல்வராயன் மலை உள்ளது. மலையாளி பழங்குடியினர் வாழும் சிற்றூர்கள் வெள்ளிமலையைச் சுற்றியும் அதற்கு அப்பாலும் சிதறிக் கிடக்கின்றன. பள்ளத்தாக்குகளும் காடும் இடைமறிப்பதால் பல ஊர்களில் கைபேசி அலைவரிசை சீராகக் கிடைப்பதில்லை.

தமிழ்நாட்டில் 2025 மே 8 அன்று காலை வெளியான மேல்நிலை இரண்டாம் ஆண்டுத் தேர்வு முடிவுக்காக ஏறத்தாழ 7.9 லட்சம் மாணவர்கள் காத்திருந்தனர். இத்தகைய நாளில் தளத்தின் வழங்கிகளை எத்தனை கூட்டினாலும், அலைவரிசை எட்டாத ஊரின் மாணவருக்குப் பக்கம் திறக்காது. கண்காணிப்புக் கருவிக்கு இந்தக் குறை தெரியவும் செய்யாது. வந்து சேராத கோரிக்கை எந்தக் கணக்கிலும் பதிவாவதில்லை. வழங்கிகள் அனைத்தும் நலம் என்றே அது காட்டும்.

இதற்குத் தீர்வு தரவு மையத்துக்கு வெளியே உள்ளது. கைபேசி வசதி எட்டாத 24,680 ஊர்களுக்கு 4ஜி சேவை அளிக்கும் 26,316 கோடி ரூபாய்த் திட்டத்துக்கு நடுவண் அமைச்சரவை 2022 ஜூலையில் ஒப்புதல் அளித்தது. சேவை வழங்குவோர் தம் அளவிலும் சிலவற்றைச் செய்யலாம். படங்கள் குறைந்த, எடை குறைவான பக்கங்கள் மெல்லிய இணைப்பிலும் திறக்கும். தமிழ்நாட்டு அரசுத் தேர்வுகள் இயக்ககம் மாணவர் பதிந்த கைபேசி எண்ணுக்கு மதிப்பெண்ணைக் குறுஞ்செய்தியாகவும் அனுப்புகிறது. குறுஞ்செய்திக்கு இணையம் தேவையில்லை. அலைவரிசை இல்லாதபோது அது வலையமைப்பில் சில காலம் காத்திருந்து, மாணவர் மேட்டுக்கு வந்து கைபேசிக்கு அலைவரிசை கிடைத்ததும் வந்து சேரும்.