திரும்புதலும் திரும்பக் கொடுத்தலும்

 திருமுழுக்குக்கு முன் ஒருவரிடம் கேட்கப்படும் இரண்டனுள் முதலாவதைச் சீர்திருத்தச் சபையாரின் தமிழ் வேதாகமம் ‘மனந்திரும்புதல்’ என்றும், 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு ‘மனம் மாறுதல்’ என்றும் வழங்குகின்றன. ‘மெத்தனோயா’ என்னும் கிரேக்கச் சொல் சிந்தை மாற்றத்தைக் குறிப்பதால் பின்னது பொருந்துவதே. ஆயினும் எபிரேய மறைநூல்களில் வரும் ‘ஷூவ்’ என்னும் வினை, விலகிப் போனவர் திரும்பி வருவதைச் சுட்டுவதால், பழைய தமிழ்ச்சொல்லே வேருக்கு நெருங்கி நிற்கிறது. இரண்டாவதான விசுவாசம், ஒரு கொள்கையை உண்மையென ஒப்புக்கொள்வதோடு முடிவதன்று. உப்பிட்டவரிடம் காட்டும் விசுவாசம் என்று தமிழர் பேசும்போது அச்சொல்லில் உள்ள பற்றுறுதி, ‘பிஸ்டிஸ்’ என்னும் கிரேக்கச் சொல்லிலும் உண்டு.

இப்பொருள் செங்கல்பட்டு மண்ணில் கடுமையாகச் சோதிக்கப்பட்டது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், மிராசுதாரர்களின் நிலத்தில் கடனுக்குக் கட்டுண்டு உழைத்த, தீண்டாமைக்கு ஆளான சாதியினராகிய படியாட்கள், குடியிருந்த மனையும் தமதல்லாத நிலையில், மிஷனரிகளை நாடி வந்தபோது, இவர்கள் ஆன்மாவுக்காக வருகிறார்களா, வயிற்றுக்காக வருகிறார்களா என்ற ஐயம் சபைக்குள்ளேயே எழுந்தது. ஆனால் அந்த மண்ணில் மனந்திரும்ப வேண்டியவர்கள் அவர்கள் மட்டும்தானா என்பதே முதலில் எழுந்திருக்க வேண்டிய கேள்வி. லூக்கா நற்செய்தியில் வரும் சகேயு என்னும் ஆயக்காரர், அதாவது உரோமருக்காக வரி தண்டியவர், தம் சொத்தில் பாதியை ஏழைகளுக்கு அளிப்பதாகவும், ஏமாற்றிப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாகவும் சொன்ன பிறகே, அந்த வீட்டுக்கு மீட்பு வந்ததாக இயேசு அறிவிக்கிறார். எடுத்ததைக் கொடுக்காத திரும்புதலை அந்நற்செய்தி அறியாது.

இதை உணர்ந்தவர்களும் இருந்தனர். ஸ்காட்லாந்து சுதந்திரத் திருச்சபையின் ஆடம் ஆண்ட்ரூ, இம்மக்களுக்கு நிலம் வேண்டும் என வாதாடியதோடு, சிங்கப்பெருமாள்கோயில் பக்கத்தில் மெல்ரோசாபுரம் என்னும் குடியேற்றத்தையும் உருவாக்கினார். செங்கல்பட்டு ஆட்சியர் பொறுப்பிலிருந்த டிரெமென்ஹீர், அவர்களின் அவலத்தை விரிவாக எழுதி 1891-இல் அரசுக்கு அனுப்பிய அறிக்கையே, 1892-இல் நிலம் வழங்கும் ஆணைக்கு வழிவகுத்தது. பிற சாதியாருக்குக் கைமாற்றலாகாது என்னும் நிபந்தனையோடு வழங்கப்பட்ட அந்நிலங்களே பஞ்சமி நிலங்கள்.

நிபந்தனையை மீறி அவற்றில் பெரும்பகுதி கைமாறியது. மாமல்லபுரம் பக்கத்துக் காரணையில் அத்தகைய நிலத்தை மீட்கக் கிளம்பிய மக்கள், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் திரண்டபோது காவல்துறை துப்பாக்கிச் சூடு நடத்தியது. ஜான் தாமஸ், ஏழுமலை என்னும் இருவர் உயிரிழந்தனர்.