மஞ்சள் கடுதாசிக்குப் பிறகு: மலைக்காப்பி விவசாயியின் கடன் தகுதி

குப்பனூர் வழியாக ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் அமைந்த கொட்டச்சேடு போன்ற சேர்வராயன் மலை ஊர்களில், அராபிகா காப்பிப் பழம் ஆண்டுக்கு ஒரு பருவத்திலேயே பறிக்கப்படுவதாலும், ஊடுபயிரான மிளகும் அதை அடுத்தே வருவதாலும், விவசாயியின் வருமானம் சில மாதங்களில் குவிந்து எஞ்சிய மாதங்களில் வற்றிவிடுகிறது. வெள்ளைத் தண்டுத் துளைப்பான் தாக்கிய செடியைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்தால், பலனுக்கு 3, 4 ஆண்டுகள் காத்திருக்க நேர்வதால், அங்கே ஒருவர் நொடித்துப்போவதை ஊதாரித்தனத்தின் விளைவு என்று எளிதில் சொல்லிவிட முடியாது.

அவ்வாறு நொடித்தவர் நீதிமன்றத்தை நாடினால், அதாவது ஊர்வழக்கில் மஞ்சள் கடுதாசி கொடுத்தால், அவருக்குப் பொருந்துவது இன்றும் 1920-ஆம் ஆண்டின் மாகாணத் திவால் சட்டமே. 2016-இல் இயற்றப்பட்ட புதிய திவால் சட்டத்தின் தனிநபர் பகுதியோ, நிறுவனக் கடன்களுக்குப் பிணை நின்றவர்களுக்கு மட்டுமே 2019 டிசம்பர் 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ளது. 500 ரூபாய்க் கடனுக்கே மனுச் செய்யலாம் என்னும் பழைய சட்டத்தின் வரம்பு மாறாமலிருப்பதே, சிறு கடனாளிகளை நாடு எவ்வளவு காலமாக மறந்திருக்கிறது என்பதற்குச் சான்று. அச்சட்டத்தின்படி நீதிமன்றம் சொத்தை ரிசீவர் பொறுப்பில் ஒப்படைத்துப் பின்னர் விடுவிப்பு ஆணை வழங்கினால், அரசுக்குரிய பாக்கி, மோசடியால் நேர்ந்த கடன் போன்றவை நீங்கலாகப் பிற கடன்களின் பொறுப்பு நீங்குகிறது.

ஆனால் அந்த ஆணை, ஒருவர் கடனைத் திருப்பிச் செலுத்திய வரலாற்றைத் திரட்டி 300 முதல் 900 வரை மதிப்பெண் இடும் சிபில் உள்ளிட்ட நான்கு கடன் தகவல் நிறுவனங்களின் பதிவை அழித்துவிடுவதில்லை. நீதிமன்றம் செல்லாமல் வங்கியுடன் பேசிக் குறைந்த தொகை கட்டி முடித்தவரின் கணக்கிலும் ‘செட்டில்டு’ என்னும் குறிப்பு ஏறுகிறது. அது முழுத்தொகையும் கட்டி முடித்த கணக்குக்கு நிகரானதன்று. 2023 ஜூனில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட நெறிமுறைப்படி, இத்தகைய சமரசத்துக்குப் பின் அதே வங்கி மீண்டும் கடன் தரக் குறைந்தது 12 மாதங்கள் கடக்க வேண்டும். வேளாண் கடனுக்கு மட்டும் அந்த இடைவெளியை வங்கியின் இயக்குநர் குழுவே வகுத்துக்கொள்ளலாம் என்பது, விவசாயி கிளை மேலாளரிடம் கேட்டறிய வேண்டிய செய்தி.

மீட்சியின் முதற்படி, ஒவ்வொரு கடன் தகவல் நிறுவனமும் ஆண்டுக்கொருமுறை இலவசமாகத் தரவேண்டிய கடன் அறிக்கையைப் பெற்று, தீர்ந்த கடன் பாக்கியாக நிற்கிறதா என்று பார்ப்பது. பிழை குறித்த புகார் 30 நாள்களில் தீராவிட்டால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு உண்டு. பிழையற்ற பதிவைக் கட்டணம் வாங்கிக்கொண்டு நீக்கித்தருவதாகச் சொல்லும் இடைத்தரகர்களால் ஆவது ஒன்றுமில்லை.

அடுத்தது, சிறுகடன் ஒன்றைப் பெற்றுத் தவறாமல் அடைப்பது. வைப்புத்தொகையின் பேரிலான கடன், நகைக்கடன் போன்றவை ஈடு உள்ளவை என்பதால் நொடித்தவருக்கும் எளிதில் கிடைக்கும். இங்கே தொகையைவிடத் தவணையின் காலமே முக்கியம். இருசக்கர வாகனக் கடன் போன்ற மாதத் தவணைக் கடன் 90 நாள் நிலுவை கடந்தாலே வாராக்கடனாகிவிடுகிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட பயிர்களுக்கான கடனோ, ஒரு பயிர்ப் பருவம் முழுதும் நிலுவையில் நின்றால்தான் அந்நிலையை அடைகிறது. கிசான் கடன் அட்டையில் 3 லட்சம் ரூபாய் வரை 7 சதவீத வட்டி, உரிய காலத்தில் செலுத்துவோருக்கு 4 சதவீதமாகக் குறைவதும் கூடுதல் ஆதாயம். ஆகவே மீண்டெழ முனையும் காப்பி விவசாயி, பழம் விற்ற பணம் கைக்கு வருமுன் தவணை கேட்கும் எந்தக் கடன் பத்திரத்திலும் கையெழுத்திடாதிருக்க வேண்டும்.