மூலிகைச் சத்து உடலிற் சேரும் வகை

நாகப்பட்டினம் ஜில்லாவில், வேதாரணியத்துக்குத் தெற்கே கடலோரமாய் அமைந்த கோடியக்கரைக் காடு பாலை, உகா முதலிய மரங்களும் தூதுவளை போன்ற பல மூலிகைகளும் நிறைந்தது. மூலிகையை மிகுதியாக உண்டால் அதன் சத்தும் மிகுதியாக உடலிற் சேருமென்று பலர் எண்ணுகின்றனர். உண்மை அவ்வாறன்று. உண்டது வேறு, இரத்தத்தை யடைந்தது வேறு.

யாவரும் அறிந்த மஞ்சளை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். உலர்ந்த மஞ்சளில் நூற்றுக்கு 2 முதல் 5 பங்கு வரை குர்குமின் என்னும் நிறப்பொருள் உண்டு. அது நீரிற் கரைவது மிகச் சொற்பம். உறிஞ்சப்படும் சிறு பகுதியையும் குடலும் ஈரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியார் 1998-ல் வெளியிட்ட ஆராய்ச்சியில், 2 கிராம் குர்குமினுடன் மிளகின் காரப்பொருளாகிய பைப்பரின் 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுக்கப்பட்டது. அப்போது உடலிற் சேர்ந்த அளவு சுமார் 20 மடங்கு உயர்ந்தது. சத்து சிதைவதை மிளகு தாமதப்படுத்துவதே இதற்குக் காரணம்.

நானோ முறையின் வழி வேறு. ஒரு மீட்டரில் 100 கோடியில் ஒரு பங்கு நானோமீட்டராகும். தலைமயிரின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். மருந்துப் பொருளைச் சில நூறு நானோமீட்டருக்கு உட்பட்ட துகள்களாக்கி, கொழுப்பினாலேனும், இறால், நண்டு ஓடுகளினின்று எடுக்கும் கைட்டோசானினாலேனும் உறையிடுவர். கட்டி வெல்லத்தினும் பொடித்த வெல்லம் விரைவிற் கரைவதுபோல, துகள் சிறுக்குந்தோறும் நீர்படும் பரப்பு பெருகுகிறது. உறையோ சத்து வழியிற் சிதையாமற் காக்கிறது. 1967-ல் நெல் பதனிடும் ஆராய்ச்சி நிலையமாகத் தோன்றிப் பிற்பாடு விரிவடைந்த தஞ்சாவூர் உணவுத் தொழில்நுட்ப நிறுவனத்திலும் இவ்வாறு நுண்ணுறையிடும் ஆராய்ச்சிகள் நடந்துள்ளன.

எனினும், மிகுதியாகச் சேர்வது எப்போதும் நன்மையன்று. மஞ்சள் மாத்திரை உண்ட சிலருக்கு ஈரல் கெட்டதையும், அம்மாத்திரைகள் சிலவற்றிற் பைப்பரின் இருந்ததையும் 2022-ல் அமெரிக்க ஆராய்ச்சியொன்று தெரிவித்தது. சமையலில் இடும் மஞ்சளும் மிளகும் வேறு. செறிவூட்டிய மாத்திரை வேறு. பின்னதை வைத்தியர் யோசனையின்றி உட்கொள்ளலாகாது.

பயிரிடுவோர் கவனிக்கவேண்டியது ஒன்றுண்டு. கிழங்கில் இல்லாத சத்தை எந்த நுண்முறையும் உண்டாக்காது. சத்தெடுக்கும் ஆலையார் எடையை மட்டுமின்றிக் குர்குமின் அளவையும் நோக்குவர். ஆதலால் நல்ல ரகத்தைத் தேர்ந்து, முற்றியபின் வெட்டி, பக்குவமாய் வேகவைத்து, சுத்தமான களத்தில் உலர்த்துவதே முதல் இலாபம். நிறத்துக்காகச் சாயம் கலப்பது உண்போருக்குத் தீங்கு, விற்போருக்கும் நஷ்டம்.

மூலிகைக்குக் கிராக்கி ஏறுந்தோறும் காட்டிற்கு ஆபத்து மிகும். கோடியக்கரை 1967 முதல் வனவிலங்குச் சரணாலயம். 1972-ம் வருஷத்துச் சட்டப்படி அனுமதியின்றி அங்கிருந்து செடிகொடிகளை எடுத்தல் குற்றம். கிராம உத்தியோகஸ்தர்கள் இதனை ஜனங்களுக்கு எடுத்துரைக்க வேண்டும். தூதுவளை விதையிலும் தண்டிலும் எளிதில் முளைப்பது. கொல்லை வேலியில் ஏற்றிவிட்டால் வீட்டுத் தேவைக்குப் போதும். காட்டை நாடவேண்டிய அவசியமில்லை.